உள்ளரங்க விளையாட்டும் ஒளிமிகு வில்லையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், பாடசாலைகளுக்கிடையிலான வலைப்பந்தாட்டப் போட்டியொன்றின் இறுதி ஆட்டத்தைப் படம்பிடித்துத் தருமாறு என்னைக் கேட்டிருந்தனர். ஆட்டம் உள்ளரங்கொன்றில் மாலை வேளையில் நடைபெற்றது. அரங்கினுள் நுழைந்தபோது வெளிச்சம் தாராளமாக இருப்பதாகவே எனக்குத் தோன்றிற்று. கையில் நல்லதொரு கமராவும், தொலைவிலுள்ளதை அருகே இழுத்துக் காட்டும் நீண்ட ஸூம் வில்லையும் இருந்தன. வீடு திரும்பியதும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவரின் முகம் தெளிவாக இருந்தது. வாங்கில் அமர்ந்திருந்த ஆசிரியைகளின் சேலைக் கரைகூடத் தெளிவாக இருந்தது. கடைசி நிமிடத்தில் வெற்றிக் கோலைப் போட்ட மாணவி மாத்திரம், கையெங்கே பந்தெங்கே என்று சொல்லவியலாதவாறு, பனியிற் கரைந்த உருவமாய் நின்றாள். அவள் அவ்வாண்டோடு பாடசாலையை விட்டு விலகுபவள். அந்தக் கோலுக்கு வேறு படமும் இல்லை.

பிழை கமராவினுடையதன்று, அவ்வரங்கத்துக்கு ஏற்ற வில்லை எதுவென்று ஆராயாமற் சென்ற என்னுடையதே. உள்ளரங்க விளையாட்டைப் படம்பிடிக்க விரும்புவோர் எத்தகைய வில்லையைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது பற்றியே இன்று நேயர்களுடன் பேசலாமென எண்ணுகிறேன்.

முதலில், நமது கண் நம்மை எவ்வளவு தூரம் ஏமாற்றுகிறது என்பதை அறிதல் வேண்டும். நண்பகல் வெயிலில் நிலத்தின்மீது விழும் ஒளி ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். பாடசாலை உள்ளரங்கொன்றில் மேலே விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தாலும், ஆடுகளத்தில் விழுவது பெரும்பாலும் 300 லக்ஸ் அளவினதே. அஃதாவது, வெளியே இருப்பதில் முந்நூறில் ஒரு பங்கு. கண்மணி விரிந்தும், விழித்திரை தன் உணர்திறனை மாற்றியும் இவ்விரண்டையும் நமக்கு ஒரே பகலாகக் காட்டிவிடுகின்றன. கமராவுக்கு அந்தத் தாட்சணியம் இல்லை. வந்த ஒளியை எண்ணிக் கணக்கு வைப்பதே அதன் தொழில்.

அவ்வொளியை உள்ளே விடும் வாசல்தான் வில்லையின் துவாரம். அதன் அளவை எப் எண் என்று குறிப்பர். வில்லையின் குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வரும் ஈவு அது. 100 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லையின் துவாரம் 50 மில்லிமீற்றர் அகலமாயின், அதன் எப் எண் 2. துவாரம் 25 மில்லிமீற்றராயின் எப் எண் 4. ஆகவே எண் சிறுக வாசல் பெருகும். கடைக்குச் செல்பவர் பலரை மயக்குவது இந்தத் தலைகீழ்க் கணக்கே. மேலும், ஒளியின் அளவு துவாரத்தின் பரப்பைப் பொறுத்தது. விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். எனவே எப் 5.6 இலிருந்து எப் 2.8 இற்கு வந்தால் ஒளி இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது.

நமது 300 லக்ஸ் அரங்கத்துக்கே இக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கமராவின் உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 3200 இல் வைத்துக்கொள்வோம். எப் 5.6 இல் ஷட்டர் திறந்திருக்க வேண்டிய நேரம் செக்கனில் 125 இல் ஒரு பங்கு. எப் 4 இல் அது 250 இல் ஒரு பங்கு, எப் 2.8 இல் 500 இல் ஒரு பங்கு; எப் 2 இல் 1000 இல் ஒரு பங்கு. வேகமாக மூட அனுமதிப்பதனாலேயே இத்தகைய அகன்ற வாசலுடைய வில்லையை வேகமான வில்லை என்று படக்கலைஞர் அழைக்கின்றனர். வில்லை தானாக ஓடுவது ஒன்றுமில்லை!

இந்தப் பங்குகள் கேட்பதற்கு அற்பமானவை. ஆனால் ஆடுகளத்தில் அவற்றின் பொருளென்ன? பந்தை எறியும் கை செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் வீசப்படுகிறதென்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 125 இல் ஒரு செக்கன் திறந்திருந்தால், அதற்குள் கை 8 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். அது ஓர் உள்ளங்கையின் அகலம். 500 இல் ஒரு செக்கனாயின் அந்நகர்வு 2 சென்ரிமீற்றர். 1000 இல் ஒரு செக்கனாயின் 1 சென்ரிமீற்றர். என் மாணவியின் கை எங்கே போயிற்று என்பதற்கு விடை இதுவே. நான் கொண்டுசென்றது 70 முதல் 300 மில்லிமீற்றர் வரை நீளும் வில்லை. அதன் முகப்பில் 4–5.6 என்று எழுதியிருந்தது. முதலாவது எண் வில்லை குறுகிய நிலையில் இருக்கும்போது கிடைக்கும் துவாரம். இரண்டாவது எண் முழுவதும் நீட்டியபோது கிடைப்பது. கடைக்காரர் முதலெண்ணைச் சொல்லி விற்பார். நாமோ அரங்கில் இரண்டாமெண்ணிலேயே நிற்போம். கமராவுடன் சேர்த்துக் கொடுக்கப்படும் 18–55 வில்லையிலும் 3.5–5.6 என்றே இருப்பதை நேயர்கள் எடுத்துப் பார்க்கலாம்.

வில்லையினுள் நடுக்கம் தடுக்கும் அமைப்பு இருக்கிறதே, அது உதவாதா என்று சிலர் கேட்பதுண்டு. அது படமெடுப்பவரின் கைநடுக்கத்தைத் தடுக்கும். ஆடுபவரின் கையை நிறுத்தாது. நான் எடுத்த படங்களில் சுவரும் நடுவரும் தெளிவாக விழுந்தமைக்கு அவ்வமைப்பே காரணம். விளையாட்டுக்கென வில்லை வாங்குபவர் அதற்காக மிகுதிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இருட்டை வெல்ல வில்லையின் வாசலை அகட்டும் முயற்சி புதிதன்று. 1840 இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்னும் கணிதப் பேராசிரியர், அக்காலத்து வில்லைகளைவிடப் பன்மடங்கு ஒளியை உட்கொள்ளும் வில்லையொன்றைக் கணித்து அமைத்தார். ஒருவருடைய உருவத்தைப் பதிக்க நிமிடக் கணக்கில் அவரை அசையாமல் இருத்தியிருந்த தொல்லை அதனாற் பெரிதும் குறைந்தது. பின்னர், 1924 இல் ஜெர்மனியில் வெளிவந்த எர்மனொக்ஸ் கமராவில் எப் 2 துவாரமுள்ள வில்லை பொருத்தப்பட்டிருந்தது. எரிக் சாலமன் என்பவர் அதனைக்கொண்டு நீதிமன்றங்களுக்குள்ளும் அரசியல் மாநாடுகளின் அறைகளுக்குள்ளும் பிளாஷ் விளக்கின்றிப் படமெடுத்துப் புகழ்பெற்றார். அவருக்கு வாய்த்தவர்கள் நாற்காலியில் அமர்ந்து பேசும் மந்திரிமார். நமக்கு வாய்த்தவர்களோ துள்ளிப் பாய்பவர்கள்.

இனி, எவ்வளவு நீண்ட வில்லை வேண்டும்? இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். விளையாட்டென்றதும் பெரிய குழல்போன்ற வில்லை வேண்டுமென நினைக்கின்றனர். கிரிக்கெட் மைதானத்துக்கு அது சரி. உள்ளரங்கிலோ படமெடுப்பவர் களத்தின் ஓரத்திலேயே நிற்கிறார். நான் பயன்படுத்தும் கணக்கொன்றுண்டு. 35 மில்லிமீற்றர் பிலிமின் சட்டமளவுக்கு, அதாவது முழுச்சட்ட அளவுக்கு, உணரி கொண்ட கமராவை நெடுக்காகப் பிடித்து, கை உயர்த்திய ஒருவரைத் தலை முதல் கால் வரை அடக்குவதற்கு, அவருக்கும் நமக்கும் இடையிலுள்ள தூரத்தை மீற்றரில் எடுத்து 14 ஆற் பெருக்குக. வருவதே வேண்டிய குவியத்தூரம். 6 மீற்றருக்கு 84. ஆகவே 85 மில்லிமீற்றர் வில்லை. 10 மீற்றருக்கு 135 மில்லிமீற்றர் வில்லை. 14 மீற்றருக்கு 200. உணரி சிறிதாயுள்ள, சாதாரணமாகப் பலர் வைத்திருக்கும் கமராவாயின் 14 இற்குப் பதிலாக 9 ஆற் பெருக்குதல் போதும். 6 மீற்றருக்கு 50 மில்லிமீற்றர் வில்லை அமையும். இக்கணக்கில் சட்டத்தின் உயரம் இரண்டரை மீற்றர். 2018 இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியின் தர்ஜினி சிவலிங்கம் போன்று 2 மீற்றருக்கு மேல் உயர்ந்த ஒருவர் பந்தைத் தூக்கினால், ஓரடி பின்னால் நகரத்தான் வேண்டும்!

வலைப்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்வோம். களம் 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் உடையது. ஆனால் கோல் போடும் உரிமை ஓர் அணியில் இருவருக்கே உண்டு, அதுவும் 4.9 மீற்றர் ஆரையுள்ள அரைவட்டத்துக்குள் நின்றே போடலாம். ஆகவே முழுக்களத்தையும் துரத்தவேண்டிய தேவையில்லை. நடுவரின் அனுமதியுடன் கோற்கோட்டுக்குச் சற்றுப் பின்னே, கம்பத்துக்கு ஒரு பக்கமாக அமர்ந்தால், நமக்குரியவர் 4 மீற்றர் முதல் 7 மீற்றர் தூரத்துக்குள் வந்து சேருவார். பந்தைப் பற்றியவர் 3 செக்கனுக்குள் அதை விட்டுவிட வேண்டும் என்பது விதி. கோலைக் குறிபார்க்கும் கணத்தில் அவர் பெரும்பாலும் அசைவற்று நிற்பார். பந்து விரலை விட்டு நீங்கும் தறுவாயே நமது தறுவாய். இதற்கு முழுச்சட்டக் கமராவில் 85 மில்லிமீற்றர் எப் 1.8, சிறிய உணரியுள்ளதில் 50 மில்லிமீற்றர் எப் 1.8 ஆகியவை மிகப் பொருத்தமானவை. கனன், நிக்கோன் ஆகிய இரு நிறுவனத்தாரிடமும் 50 மில்லிமீற்றர் எப் 1.8 வில்லை மலிவானவற்றுள் ஒன்று. கனனின் அத்தகைய வில்லையொன்று 160 கிராம் நிறையே உள்ளது. என் நீண்ட ஸூம் வில்லையைவிட விலையிலும் நிறையிலும் சிறிய இதுவே, அந்த மாணவியின் கையைக் காப்பாற்றியிருக்கும்.

70 முதல் 200 மில்லிமீற்றர் வரை எங்கும் எப் 2.8 மாறாத ஸூம் வில்லைகள் பத்திரிகைப் படப்பிடிப்பாளரின் தோளில் தொங்கக் காண்கிறோம். கூடைப்பந்தாட்டத்திலும் கரப்பந்தாட்டத்திலும் ஆட்டம் களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாறிக்கொண்டிருப்பதால், அவர்களுக்கு அது இன்றியமையாதது. ஒன்று முதல் ஒன்றரைக் கிலோகிராம் வரை நிறையுள்ளது. விலையோ எப் 1.8 வில்லையின் விலையைப் பன்மடங்கு விஞ்சியது. வருடத்தில் நான்கு ஆட்டங்களைப் படமெடுக்கும் பாடசாலைச் சங்கம் அதை வாங்க நிதி திரட்டுவது எனக்கு உடன்பாடன்று. ஓரிடத்தில் நின்றுவிடும் பழக்கம் வந்தால் குவியத்தூரம் மாறாத ஒரு வில்லையே போதும்.

அகன்ற துவாரத்துக்கும் ஒரு விலையுண்டு. அதனாற் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறுகிவிடுகிறது. முழுச்சட்டக் கமராவில் 85 மில்லிமீற்றர் வில்லையை எப் 1.8 இல் திறந்து, 6 மீற்றருக்கு அப்பால் உள்ளவரைக் குவித்தால், கூர்மையாக விழும் பகுதி முன்னும் பின்னுமாக ஏறக்குறைய அரை மீற்றரே. தடுப்பவரின் கைக்குக் குவியம் போய்விட்டால் எறிபவரின் முகம் மங்கிவிடும். எனவே வில்லையினுள் குவியத்தை நகர்த்தும் மோட்டர் விரைவானதா என்று கடையிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும். எப் 1.2 துவாரமுள்ள ஆடம்பர வில்லைகள் சில, அமர்ந்திருப்பவரின் முகத்தைப் படமெடுப்பதற்கென அமைந்தவை. பாரமான கண்ணாடிகளை நகர்த்த நேரமெடுப்பவை. எண் சிறியது என்பதற்காக மட்டும் அவற்றை நாடுதல் வீண்.

ஐ.எஸ்.ஓ.வை உயர்த்திவிட்டால் இத்தனை தொல்லையும் எதற்கு என்ற கேள்வி இக்காலத்தில் நியாயமானதே. பிலிம் காலத்தில் 400 என்று குறித்த சுருளை 1600 ஆகக் கருதி எடுத்து, கழுவும்போது கூடுதல் நேரம் வைத்துச் சமாளித்தனர். இன்றைய கமராக்கள் 6400 இலும் முகம் அடையாளம் காணத்தக்க படத்தைத் தருகின்றன. குறுணிகளைத் துடைக்கும் கணினி நிரல்களும் உண்டு. எப் 1.4 கட்டாயமென்று முன்பு கூறிய இடத்தில் இன்று எப் 2.8 போதுமென்பது உண்மை. ஆயினும் என் எப் 5.6 வில்லையால் 500 இல் ஒரு செக்கனை எட்ட வேண்டுமாயின் 12,800 இற்குச் செல்ல வேண்டியிருந்திருக்கும். அந்நிலையில் தோலின் நிறமும் கண்ணின் ஒளியும் சிதைந்து, துடைத்தபின் மெழுகுபொம்மையின் முகமே மிஞ்சும். பிளாஷ் விளக்கைப் பயன்படுத்தலாமே என்பீர்கள். குறிபார்ப்பவரின் கண்ணில் மின்னலைப் பாய்ச்சுதல் ஆட்டத்துக்கு இடையூறு. பல போட்டிகளில் அதற்கு இடமில்லை.

இன்னுமொன்று. நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்றுடையது. ஆதலால் குழாய் விளக்குகளும் பழைய உலோக ஆவி விளக்குகளும் செக்கனுக்கு 100 முறை ஏறியிறங்கி எரிகின்றன. கண்ணுக்கு இது புலப்படாது. 500 இல் ஒரு செக்கன் திறக்கும் ஷட்டருக்கோ நன்றாகப் புலப்படும். ஒரு படம் வெளிச்சமாயும் அடுத்தது மஞ்சள் பாரித்தும் விழுவது இதனாலேயே. வில்லையைக் குறை சொல்லிக் கடைக்குத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. விளக்கின் துடிப்பு உச்சத்தில் இருக்கும்போது மாத்திரம் ஷட்டரைத் திறக்கும் வசதி, 2014 இல் வெளிவந்த கனன் 7டி மார்க் 2 முதலாகக் கமராக்களில் வந்துள்ளது. இவ்வசதி உங்கள் கமராவில் இருப்பின் அரங்கினுள் அதனை இயக்கிக்கொள்ளுங்கள்.

புதியது வாங்க வசதியற்றவர் ஒருவர் பாவித்த வில்லையை வாங்குவதில் குற்றமில்லை. பழைய 85 மில்லிமீற்றர் எப் 1.8 வில்லைகள் இன்றும் நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் நமது ஈரக்காற்று வில்லைகளுக்குப் பகை. வாங்குமுன் இருபுற மூடிகளையும் கழற்றி, துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்புறமிருந்து டோர்ச் வெளிச்சத்தைச் சரிவாகப் பாய்ச்சி உள்ளே பாருங்கள். சிறு தூசிகள் இருப்பதனாற் கேடில்லை. சிலந்தி நூல்போல் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம்; கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்துவிட்டதாயின், எவ்வளவு விலை குறைத்தாலும் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். நல்லதாகக் கிடைத்ததைத் தோற்பையிலிட்டு அலுமாரியில் பூட்டிவிடாது, காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் வைத்து, மாதத்துக்கொருமுறை மணிகளைச் சூடாக்கி உலர்த்திக்கொள்ளுங்கள்.