போடிமெட்டு ஏறும் பழைய மாருதி!

மூச்சு வாங்கும் என்ஜினுக்கு வைத்தியம் என்ன?

தேனி மாவட்டத்தில் இருந்து எந்தப் பக்கம் கேரளாவுக்குப் போனாலும் மலை ஏறித்தான் ஆகவேண்டும்.

போடியில் இருந்து போனால் போடிமெட்டு. கம்பத்தில் இருந்து போனால் கம்பம்மெட்டு. கூடலூரைத் தாண்டி லோயர்கேம்ப் வழியாகப் போனால் குமுளி. சின்னமனூரில் இருந்து ஏறினால் மேகமலை. இது தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

விடிந்தும் விடியாத நேரத்தில், ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்கள் வரிசையாக மேலே போகும். அவற்றுக்குப் பின்னால், உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கோ, மூணாறைப் பார்க்கவோ குடும்பத்தோடு போகிறவர்களின் கார்கள் வரும்.

அந்தக் கார்களில் இன்னும் சில, 20 வயதையும் 30 வயதையும் தாண்டிய மாருதிகள்.

பெயர்தான் மாருதி. உடம்பு ஜப்பான் உடம்பு!

தறி செய்தவர் செய்த கார்

ஜப்பானில் ஹமமட்சு என்று ஓர் ஊர். அங்கே மிச்சியோ சுசூகி என்பவர் 1909-ம் ஆண்டில் நெசவுத் தறி செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். ஆண்டிபட்டி நெசவாளர்கள் இதைக் கேட்டால் மகிழ்ச்சி அடைவார்கள். அந்தத் தறிப் பட்டறைதான் பின்னாளில் மோட்டார் கம்பெனியாக வளர்ந்தது.

1982-ல் இந்திய அரசின் மாருதி கம்பெனியும் சுசூகியும் கைகோத்தன. 1983 டிசம்பர் 14-ந் தேதி, முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். வாங்கியவர், டில்லியைச் சேர்ந்த ஹர்பால்சிங்.

அந்தக் கார் பல ஆண்டுகளுக்குப் பிறகு துருப்பிடித்து நின்றது. பின்னர் அதைப் புதுப்பித்து, கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். மாருதி 800 உற்பத்தி 2014-ம் ஆண்டில் நின்றுபோனது. ஆனால் ரோட்டில் ஓடுவது நிற்கவில்லை.

அதன் என்ஜின் சிறியது. மூன்றே சிலிண்டர்கள். 796 சி.சி. தொடக்க கால வண்டிகளின் சக்தி 40 குதிரைக்கும் குறைவு. காரின் எடை ஏறத்தாழ 650 கிலோ. அதில் ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறினால் இன்னும் 350, 400 கிலோ. தன் எடையில் பாதிக்கு மேல் தூக்கிக்கொண்டு அது மலை ஏறுகிறது!

காற்று எங்கே போயிற்று?

"ஊருக்குள் நன்றாக ஓடுகிறது. மலையில் மட்டும் இழுவை இல்லை. என்ஜினை மாற்றிவிடலாமா?"

ஒர்க்ஷாப்புகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

என்ஜின் மீது பழி போடுவதற்கு முன்னால் காற்றை நினைத்துப் பார்க்கவேண்டும். போடிமெட்டு, கடல் மட்டத்தில் இருந்து 4 ஆயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில், காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். காற்று குறைந்தால் சக்தியும் குறையும். மாருதி என்றால் காற்றின் மைந்தன் என்று பொருள். காற்று குறைந்த இடத்தில் மைந்தனுக்கே மூச்சு வாங்குகிறது!

பழைய வண்டிகளில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது கார்பரேட்டர். மேலே காற்றின் அடர்த்தி குறைந்தது அதற்குத் தெரியாது. ஏறக்குறைய கீழே கொடுத்த கணக்கிலேயே பெட்ரோலைக் கொடுக்கும். ஆகவே கரும்புகை வரும். பிளக் கரி பிடிக்கும். வண்டி திணறும். ஏர் பில்டரில் தூசி அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை. அதன் முனை இளம் பழுப்பு நிறத்தில் இருந்தால் நலம். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது தீப்பொறி சரியில்லை. எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால், என்ஜின் ஆயில் உள்ளே ஏறுகிறது. அப்படியானால் செலவு பெரிது. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது போலத்தான் இது. இந்தச் சிறிய வேலையைச் செய்யாமல் என்ஜினைப் பிரிக்கிறவரிடம் வண்டியை விடாமல் இருப்பது நல்லது.

குக்கரும் காரும்

மலைப் பாதை ஓரத்தில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். ஆவி பறக்கும். ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வருவார்.

அங்கேதான் ஆபத்து இருக்கிறது!

ரேடியேட்டரும் வீட்டில் இருக்கும் பிரஷர் குக்கரும் ஒரே ஜாதி. சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். போடிமெட்டு உயரத்தில், திறந்த பாத்திரத்தில் 96 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், 100-ஐத் தாண்டி இன்னும் 15, 20 டிகிரி வரை தண்ணீர் கொதிக்காமல் தாங்கும்.

வெயிட்டைத் தூக்காமல் குக்கரைத் திறப்பார்களா? சூடான ரேடியேட்டர் மூடியைத் திருகினால், கொதிக்கும் தண்ணீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். முகமும் கண்ணும் வெந்துபோகும். என்ஜினை நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். மூடியில் கைவைத்தால் சுடக்கூடாது. அதன் பிறகுதான் திறக்கவேண்டும். அப்போதும் துணியைப் போட்டு, மெதுவாக.

குக்கரில் காஸ்கெட் தேய்ந்தால் விசில் வராது அல்லவா? அதே போல ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தேய்ந்தால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் சீக்கிரம் கொதித்து வழியும். சில நூறு ரூபாய் மூடிக்காகப் பல ஆயிரம் ரூபாய் என்ஜின் வீணாகும்.

மூடி நன்றாக இருந்தும் கொதிக்கிறதா? ரேடியேட்டருக்கு எதிரே இருக்கும் மின்விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் பியூஸ், ஒயர், சூட்டை உணர்ந்து விசிறியை ஓடவிடும் சுவிட்ச் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கவேண்டும். விசிறி ஓடியும் கொதித்தால் தெர்மோஸ்டாட் திறக்கிறதா என்று பார்க்கவேண்டும். வெயில் ஊருக்கு எதற்கு தெர்மோஸ்டாட் என்று சிலர் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இது தவறு. பிறகு என்ஜின் காலையில் சூடேறவே நேரமாகும். பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

போர்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி, உள்ளே உப்புப் படிந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. கூலன்ட் கலந்த சுத்தமான தண்ணீர்தான் ஊற்றவேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் தண்ணீர் குறைகிறது, வெளியே ஒழுகவில்லை, சைலன்ஸரில் வெண்புகை வருகிறது, ஆயில் பால் விட்ட காபி போல இருக்கிறது என்றால், ஹெட் காஸ்கெட் போய்விட்டது. அதற்கு மேல் ஒரு வளைவு கூட ஓட்டக்கூடாது.

ஏறுவதைவிட இறங்குவது கடினம்

வளைவில் திரும்பும்போது முன் சக்கரத்தில் "டக் டக்" என்று சத்தம் வருகிறதா? ஆக்ஸில் ரப்பர் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மூட்டு தேய்ந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில்தான் இந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும்.

ஆனால் உயிருக்கு உலை வைப்பது பிரேக்.

பிரேக் ஆயில், காற்றில் உள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். சாதாரண வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். அப்போது குழாயில் ஆயிலுக்குப் பதில் ஆவி நிற்கும். மிதித்தால் கால் பலகை வரை போகும். வண்டி நிற்காது!

எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பது மலை டிரைவர்களின் பழைய பாடம். இரண்டாவது கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுகிறவர்களை என்னவென்று சொல்வது!

பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற, ஒரு நாள் ஓட்டல் சாப்பாட்டுச் செலவுகூட ஆகாது.

கோவை செய்த அற்புதம்

இந்தச் சின்ன என்ஜினை வைத்துப் பந்தயக் காரே செய்தவர் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன். 1980-களின் கடைசியில், மாருதி 800 என்ஜினைப் பொருத்தி, ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் காரை உருவாக்கினார். "பார்முலா மாருதி" என்று அதற்குப் பெயர். பெரும் பணக்காரர்களுக்கு மட்டுமே எட்டிய பந்தயம், மற்றவர்களுக்கும் எட்டியது. 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன், தொடக்க காலத்தில் ஓட்டியது பார்முலா மாருதிதான்.

கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் காலமானார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தய மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதைக் கேட்டதும் இளைஞர்களுக்குக் கை பரபரக்கும். ஆனால் கரிவரதன் கார் ஓடியது பந்தய மைதானத்தில். எதிரே பஸ் வராது!

ரோட்டில் ஓடும் வண்டிக்குச் சட்டம் வேறு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்த கம்பெனியின் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. சைலன்ஸரை அறுத்துச் சத்தம் கூட்டுவது, பெரிய டயரைத் திணிப்பது எல்லாம் இதில் சிக்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் தகராறு வரும்.

என்ஜின் மாற்றவே முடியாதா? முடியும். ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி பெற்று, ஆர்.சி.யில் பதிவு செய்யவேண்டும்.

மலைக்காரர்களுக்குப் பிடித்த மாருதி ஜிப்சியை எடுத்துக்கொள்வோம். 1985-ல் வந்தபோது அதன் என்ஜின் 970 சி.சி. பிறகு கம்பெனியே 1,298 சி.சி. என்ஜின் வைத்தது. பழைய ஜிப்சிக்குப் பெரிய என்ஜின் வைக்க ஆசைப்படுகிறவர் பலர். ஆசை தவறல்ல. ஆனால் என்ஜின் பெரிதானால் ரேடியேட்டரும் பெரிதாக வேண்டும். பிரேக்கும் அதற்கு ஈடாக வேண்டும். பணம் கொஞ்சமாக இருந்தால் பிரேக்குக்கும் டயருக்கும் முதலில் செலவிட வேண்டும். என்ஜின் காத்திருக்கலாம்.

வண்டி பதிவான 15 ஆண்டு முடிந்தால் மறுபடி சோதனைக்குக் காட்டி, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது 5 ஆண்டுக்குச் செல்லும்.

இப்போது புதிதாக ஒரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பு என்ற அளவை நாடு 2025-ல் எட்டிவிட்டது. பழைய மாருதியின் ரப்பர் குழாய்கள் அதை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி, வெடித்து, கசியக்கூடும். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் கார் தீப்பிடித்துக்கொள்ளும். ஆகவே, காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை நிறுத்தி, குழந்தைகளை முதலில் இறக்கிவிடுங்கள். எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய் மாற்றிய பிறகே மலை ஏறவேண்டும்.