வெண்டைக்கும் வெடியுப்பு

பங்குனி வெயில் மேற்கே சரிந்த பிறகுதான் சித்தி ஆபீஸ் வேலை முடிந்து வருவார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆலையைப் ‘பயர் ஆபீஸ்’ என்றும் தீக்குச்சி செய்யும் இடத்தைத் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றும்தான் சொல்வோம். தூக்குச்சட்டியைத் திண்ணையில் வைத்து, கைகால் கழுவி, சேலையை மாற்றிக்கொண்டு நேரே வீட்டுக்குப் பின்னால் போய்விடுவார். அங்கே நாலு பாத்தி. மாசி இரண்டாம் வாரம் ஊன்றிய வெண்டை, சீனியவரை, வெள்ளரி. ஓரமாக, நாற்றுவிட்டு நட்ட கத்தரி.

அன்றைக்கு வெண்டைப் பாத்தியில் நின்றபடி என்னைக் கூப்பிட்டார்.

“ஏய்யா, இதப் பாரு. முழங்கால் அளவு வந்துட்டு, வெளிறிப்போயி அப்படியே நிக்குது. வெடியுப்பு தூவுனா செடி கருகருன்னு வரும்னு ஆபீசுல ஒரு பேச்சு. மெய்யாவா?”

மெய்தான். ஆனால் அந்த மெய்க்குள் எத்தனை கதை இருக்கிறது என்பது அன்று இரவு அவருக்கு விளக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கே முழுதாகப் புரிந்தது.

முதலில் அந்த மஞ்சளைப் பார்க்க வேண்டும். வெண்டைச் செடிக்கு மூன்று வகை மஞ்சள் உண்டு. நரம்பு மட்டும் மஞ்சளித்து, நடுவில் இலை பச்சையாக இருந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி; அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதைத் தவிர வழியில்லை. நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மஞ்சளித்தால், அதுவும் உச்சிக் கொழுந்தில் தொடங்கினால், இரும்புச்சத்துக் குறைவு. நம் கரிசலில் சுண்ணாம்பு மிகுதி. இரும்பு மண்ணில் இருந்தாலும் வேருக்கு எட்டாமல் பூட்டிக்கொள்ளும். மூன்றாவது, அடி இலையிலிருந்து மேல்நோக்கி ஒரே சீராக வெளிறுவது. அது தழைச்சத்துப் பற்றாக்குறை. செடி தன் மூத்த இலையிலிருக்கும் நைட்ரஜனைப் பிரித்தெடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடுகிறது. பசித்த வீட்டில் பெரியவர்கள் தட்டைப் பிள்ளை பக்கம் நகர்த்துவதைப் போல. சித்தியின் வெண்டைக்கு வந்தது இந்த மூன்றாவது.

வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். உரக்கடையில் 13-0-45 என்று எழுதிய மூட்டையில் இருப்பதும் அதுவே: நூற்றுக்கு 13 பங்கு நைட்ரஜன், மீதியில் பெரும்பங்கு சாம்பல்சத்து. கரிமருந்தில் அது தன்னுள் பூட்டியிருக்கும் ஆக்சிஜனைக் கரிக்கும் கந்தகத்துக்கும் ஒரே நொடியில் கொடுத்துவிடுகிறது. செடியில் அதே நைட்ரேட் வேர் வழியே ஏறி, பல மணி நேரம் எடுத்துக்கொண்டு, அமினோ அமிலமாகி, புரதமும் பச்சையமுமாகிறது. கந்தகமும் கரியும்கூடச் செடிக்கு அந்நியமல்ல. வெங்காயம் உரிக்கும்போது கண்ணில் நீர் வரவைப்பது கந்தகச் சேர்மம். கரி முழுவதும் ஒருகாலத்தில் மரம் காற்றிலிருந்து இழுத்தது. கரிமருந்துக்குள் இருக்கும் கரி ஒருநாள் ஏதோ ஓர் இலைக்குள் இருந்தது என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகவே இருக்கிறது.

இந்த உப்பு முதலில் எந்த ஆலையிலும் பிறக்கவில்லை. மண்ணில் பிறந்தது. பிகாரில் மாட்டுத் தொழுவங்களிலும் பழைய மண்சுவர் அடியிலும் மழைக்காலம் முடிந்து ஈரம் காயும்போது வெள்ளையாக உப்புப் பூக்கும். நோனியா என்ற சமூகத்தார் அந்த மண்ணைச் சுரண்டி, நீர்விட்டு வடித்து, காய்ச்சி வெடியுப்பு எடுத்தார்கள். ஐரோப்பியக் கம்பெனிகள் அதற்காகப் போட்டியிட்டன; 1757 பிளாசிப் போருக்குப் பிறகு அந்த வணிகம் ஆங்கிலேயக் கம்பெனியின் பிடிக்குள் போயிற்று. சாணமும் மூத்திரமும் பீரங்கிக்கு மருந்தாயின.

மாட்டு மூத்திரம் எப்படி வெடியுப்பாகிறது? 1877இல் ஷ்லேசிங், மூன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய குழாய் வழியே சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஏறக்குறைய 20 நாள் கழித்து, உள்ளே போன அம்மோனியா வெளியே நைட்ரேட்டாக வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியை உள்ளே செலுத்தினார்கள். மாற்றம் நின்றுபோனது. வெறும் வேதிவினையாக இருந்தால் மயக்க மருந்துக்கு ஏன் நிற்க வேண்டும்? தோட்டத்து மண்ணைக் கரைத்த நீர் கொஞ்சம் ஊற்றியதும் மறுபடி தொடங்கியது. உள்ளே இருந்தது உயிர். 1890இல் வினோகிராட்ஸ்கி அந்த பாக்டீரியாக்களைத் தனியே பிரித்தெடுத்தார்.

சித்தியின் பாத்தியில் வெடியுப்புத் தயாரிக்கும் அதே ஆட்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். பங்குனியில் அவர்கள் வேலை நின்றுபோனதுதான் வெண்டைக்கு வந்த கேடு. அவர்களுக்கு ஈரம் வேண்டும், மிதமான சூடு வேண்டும். மூடாமல் கிடக்கும் கறுப்பு மண் மத்தியானத்தில் 50 டிகிரியைத் தாண்டும். தீக்குச்சியும் திரியும் சீக்கிரம் காய உதவுகிற அதே வறட்டு வெயில், மண்ணின் மேல் நாலு விரற்கடையில் இந்த உயிர்களை முடக்கிப் போடுகிறது. இந்த நேரத்தில் யூரியாவை மேலே தூவினாலும் பாதிக்குப் பலன் இல்லை. சுண்ணாம்பும் சூடும் சேர்ந்து அதை அம்மோனியாவாக்கிக் காற்றில் பறக்கவிட்டுவிடும்.

அதனால் நாங்கள் எதையும் மேலே தூவவில்லை. மக்கிய ஆட்டுப்புழுக்கையைச் செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குழி பறித்துப் புதைத்தோம். கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, தெளிவாக நீர் கலந்து ஊற்றினோம். புண்ணாக்கில் நூற்றுக்கு 7 பங்கு அளவுக்கு நைட்ரஜன் உண்டு. மேலே சோளத்தட்டையை மூடாக்குப் போட்டு, தண்ணீரைப் பொழுது சாய்ந்த பிறகு விட்டோம். பத்துப் பன்னிரண்டு நாளில் புதுக்கொழுந்து பச்சை பிடித்தது. வெளிறிய அடி இலைகள் பச்சைக்குத் திரும்பவில்லை. பங்குனிக் கடைசியில் முதல் பூ: மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு, ஒரே நாள் ஆயுள். அதற்கு ஆறாம் நாள் காய் பறித்தோம்.

பட்டாசு செய்கிற ஊரில் தோட்டம் வைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இதைச் சித்தியிடம் இரண்டு தரம் சொன்னேன். ஆபீசில் வெள்ளையாக இருப்பதெல்லாம் நைட்ரேட் அல்ல. தீக்குச்சித் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வேருக்கும் அப்படியே தெரிகிறது. நைட்ரேட்டுக்காகத் திறந்த வாசல் வழியே குளோரேட்டும் உள்ளே போய்விடுகிறது. நைட்ரேட்டைப் பக்குவப்படுத்தும் நொதி, வந்தது வேறு ஆள் என்று அறியாமல் அதையும் பக்குவப்படுத்துகிறது. விளைவு குளோரைட் என்ற நஞ்சு. செடி தன் கையாலேயே அதைச் சமைத்துச் சாகிறது. சோடியம் குளோரேட்டைப் பல பத்தாண்டுகள் களைக்கொல்லியாகவே விற்றது இதனால்தான். பட்டாசில் சேரும் பெர்குளோரேட் இன்னொரு வகை: நீரில் எளிதாகக் கரைந்து வேர் வழியே ஏறி இலையில் தங்கும், அந்தக் கீரையைத் தின்றால், தைராய்டு சுரப்பி அயோடின் எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். தண்ணீர்ப் பஞ்சத்தில் துணி அலசிய நீரைச் செடிக்கு விடுவது நம் வீடுகளில் வழக்கம். வேலைக்குக் கட்டிய சேலையை அலசிய நீரை மட்டும் விடவே கூடாது. கீரைப் பாத்திக்கு அறவே கூடாது.

இந்த வாட்டத்திலெல்லாம் சீனியவரை வரிசை மட்டும் ஒரு இலைகூட வெளிறாமல் நின்றது. சித்திக்கு அதுதான் ஆச்சரியம். ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வேரிலிருந்த சிறு முண்டு ஒன்றை நகத்தால் கீறிக் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு. “ரத்தம் மாதிரியில்ல இருக்கு!” என்றார். கிட்டத்தட்ட ரத்தம்தான். நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம் அது. முண்டுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்குகிறது. அந்த வேலைக்கான நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும். சிவப்புப் புரதம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு அளந்து அளந்து தருகிறது. ஆலையில் இதே காரியத்தைச் செய்ய 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் வழி கண்டார். அதற்கு 400 டிகிரிக்கு மேல் வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல் 150 மடங்குக்கு மேல் அழுத்தமும் வேண்டும். சீனியவரை வேர் அதைச் சாணளவு ஆழத்தில், சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. முண்டு வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை என்று பொருள்.

ஆனால் அது பக்கத்து வெண்டைக்கு உடனே பந்தி வைப்பதில்லை. உயிரோடு இருக்கும்வரை பெரும்பகுதியைத் தனக்கே வைத்துக்கொள்ளும். வேர் மக்கும்போதுதான் மண்ணுக்கு விடும்.

சித்திரைக் கடைசியில் இடியோடு ஒரு கோடை மழை பெய்தது. இரண்டு மூன்று நாளில் பாத்தி முழுக்க ஒரு படி கூடுதல் பச்சை. மின்னல் காற்றிலிருந்து கொஞ்சம் நைட்ரேட் செய்து மழையோடு அனுப்பும் என்பது உண்மைதான். ஆனால் பெரிய பங்கு அதனுடையதல்ல. காய்ந்து கிடந்த மண் திடீரென்று நனையும்போது, செத்த நுண்ணுயிர்களின் உடலையும் பழைய மக்கையும் பிழைத்திருந்தவை வெறியோடு தின்று நைட்ரஜனை வெளிவிடுகின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவில் 1950களில் பர்ச் என்பவர் இதை அளந்து காட்டினார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. முதல் மழையை விடாமல் பிடித்து உழவு போட ஓடும் நம் மானாவாரிச் சம்சாரிகளுக்கு அளவு தெரியாது, காலம் தெரியும்.

வைகாசியில் வெள்ளரிக் கொடி முடிந்தது. வெண்டை இன்னும் ஒன்றிரண்டு காய்த்துக்கொண்டிருந்தது. சீனியவரை முற்றியதும் வேரோடு பிடுங்கப் போன என் கையைச் சித்தி தட்டிவிட்டார். அரிவாளை எடுத்துத் தரையோடு தரையாக அறுத்து, தழையை அங்கேயே பரப்பி, வேரை மண்ணுக்குள் விட்டார். ஆடியில் கத்தரி நாற்று அந்த வரிசையில்தான்.