உழவுச் சாலில் ஓர் அரிய விருந்தினர்

கடற்காகம் என்றவுடன் அலையும் கரையும் மீன்வலையும் நினைவுக்கு வருதல் இயல்பே. மாரிகாலத்தில் மன்னார்க் கரையிலும் யாழ்ப்பாணக் கடலேரியிலும் வந்து கூடும் தவிட்டுத்தலைக் கடற்காகங்களைக் கண்டு பழகிய இந்நாட்டவர்க்கு, அவ்வினத்துப் பறவையொன்று கடலினின்றும் ஆயிரம் மைலுக்கு அப்பால் உழுத நிலத்தில் மண்புழு பொறுக்கித் திரியும் என்பது சற்று வியப்பாகவே தோன்றும். ஆயினும் வட அமெரிக்காவின் உள்நாட்டு வயல்களில் அது வழக்கமான காட்சியாகும். நெல்வயலில் ஏரின் பின்னே கொக்குகள் நடந்து வருவதை நேயர்கள் கண்டிருப்பர். அங்கே கொக்கின் இடத்தைக் கடற்காகம் பெற்றிருக்கின்றது. உழவு இயந்திரம் மண்ணைப் புரட்டிச் செல்ல, அதன் பின்னே நூற்றுக்கணக்கான வெண்பறவைகள் எழுந்தும் இறங்கியும் ஒன்றையொன்று முந்தியும் புழுவையும் பூச்சியையும் கவர்ந்து செல்லும்.

ஒன்ராறியோ, நியூயோர்க் முதலிய பேரேரிப் பிரதேசங்களில் இவ்வாறு கூடுவன பெரும்பாலும் வளைய அலகுக் கடற்காகங்களே. அலகின் நுனிக்கு அருகே கரிய வளையம் ஒன்றிருப்பதால் அப்பெயர் பெற்றன. அவற்றைத் தேடி எவரும் செல்வதில்லை. அப்பெருங்கூட்டத்தினுள் எப்போதாவது ஒன்றாகவோ இரண்டாகவோ கலந்து வந்திருக்கும் வேறொரு பறவையைக் காண்பதற்கே பறவை நோக்குவோர் தொலைநோக்கியும் கையுமாய் வயலோரங்களிற் காத்து நிற்கின்றனர். அப்பறவை பிராங்கிளின் கடற்காகம் எனப்படும்.

அரிய பறவை என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. இப்பறவை உலகில் அருகிப்போனதன்று. மனிற்றோபா, சஸ்கச்சவான், அல்பேர்ட்டா, டகோட்டா ஆகிய மேற்குப் புல்வெளி மாநிலங்களில் இது இலட்சக்கணக்கில் வாழ்கின்றது. அங்குள்ள உழவர் இதனைப் புல்வெளிப் புறா என்றே அன்போடு அழைத்தனர். கிழக்கே வந்துவிட்டால் மட்டுமே இது அருமையாகிவிடுகின்றது. அருமை என்பது பறவையின் குணமன்று. அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

இதற்குப் பெயர் வாய்த்த கதையும் கேட்கத்தக்கது. வடதுருவப் பிரதேசத்தை ஆராயச் சென்ற ஆங்கிலக் கடற்படைத் தலைவர் சேர் ஜோன் பிராங்கிளினின் குழுவில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் இருந்தவர் ஜோன் றிச்சாட்சன். சஸ்கச்சவான் ஆற்றுப்புறத்திலிருந்து அறியப்பட்ட இப்பறவைக்கு அவர் தம் தலைவரின் பெயரை இட்டார். 1831ஆம் ஆண்டிலேயே வாக்ளர் என்ற ஜேர்மானிய அறிஞர் மெக்சிக்கோவின் பழங்குடியினர் இதற்கு வழங்கிய 'பிப்பிக்ஸ்கான்' என்னும் பெயரை எடுத்து விஞ்ஞானப் பெயராக்கிவிட்டார். ஆதலின் ஆங்கிலத்திலே தளபதியின் பெயரும், விஞ்ஞானத்திலே பழங்குடியினரின் பெயரும் நிலைத்தன. பிராங்கிளினோ 1845இல் இரு கப்பல்களுடன் மீண்டும் வடக்கே சென்று, 1847இல் பனிக்கடலிலே மாண்டார். அவருடன் சென்றோரில் ஒருவரும் ஊர் திரும்பவில்லை. அக்கப்பல்களின் சிதைவுகள் 2014இலும் 2016இலுமே கடலடியிற் கண்டுபிடிக்கப்பட்டன.

இனிப் பறவையின் வாழ்க்கையைச் சிறிது நோக்குவோம். இது நீர் தேங்கிய சதுப்பு நிலத்தில், சம்பும் நாணலும் செறிந்த இடத்தில், ஆயிரக்கணக்கிற் கூடிக் கூடு கட்டும். கூடு மரத்திலுமன்று, தரையிலுமன்று. தண்ணீரின் மேலே மிதப்பது. காய்ந்த சம்புத் தாள்களை அடுக்கிய அம்மிதவையின் அடிப்பாகம் ஊறி அழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே மேற்புறத்திற் புதுத் தாள்களை இடையறாது சேர்த்தாலன்றிக் கூடு முட்டையோடு அமிழ்ந்துவிடும். தாயும் தந்தையும் மட்டுமன்றி, வளர்ந்துவரும் குஞ்சுகளுங்கூடத் தம்மைத் தாங்கும் கூட்டுக்குத் தாள் கொணர்ந்து வைப்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். நீர் வற்றினால் நரி முதலியன நடந்து வந்து கூட்டை அழிக்கும். நீர் பெருகினால் கூடு மூழ்கும். ஆதலால் இவ்வாண்டு கூடிய இடத்தில் அடுத்த ஆண்டும் கூடுமென்று சொல்வதற்கில்லை.

இங்கேதான் இப்பறவையின் வாழ்விலுள்ள முரண்பாடு வெளிப்படுகின்றது. புல்வெளியை விளைநிலமாக்கிய மனிதன் சதுப்புகளை வடித்து உழுதான். அதனால் கூடு கட்டுமிடம் குறைந்தது. 1930களின் கொடிய வரட்சி எஞ்சிய நீர்நிலைகளையும் வற்றச் செய்தது. ஆனால் அதே கலப்பைதான் புழுவும் வெட்டுக்கிளியும் நிறைந்த உணவுக்களத்தையும் இதற்கு விரித்து வைத்தது. கலப்பை பறித்ததா, கொடுத்ததா என்று ஒரு சொல்லில் தீர்ப்புக் கூறுதல் எளிதன்று. மினசோட்டாவிலுள்ள அகாசிஸ் போன்ற அரசாங்கப் பறவைப் புகலிடங்களில் நீர்மட்டத்தைப் பேணியதனாலேயே பெருங்கூட்டங்கள் இன்றும் அங்கே கூடு கட்டுகின்றன.

கோடை கழிந்ததும் இவை தென்திசை நோக்கிப் புறப்படும். புல்வெளிகளைக் கடந்து, டெக்சாஸ், மெக்சிக்கோ வழியாகப் பசிபிக் கரையை அடைந்து, நிலநடுக்கோட்டையும் தாண்டிப் பேரு, சிலி நாடுகளின் கரையிற் குளிர்காலத்தைக் கழிக்கும். இந்நெடும் பயணத்தினாற் போலும், கடற்காக இனங்களுள் இது ஒன்றுமட்டும் ஆண்டுக்கு இருமுறை இறகு முழுவதையும் உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்கின்றது.

பாதை இவ்வாறு மேற்கே இருக்க, கிழக்கே இது வருவதேன்? பெரும்பாலும் காற்றே காரணம். 1998ஆம் ஆண்டு நவம்பரில் நடுமாநிலங்களைக் கடந்த கடும்புயல், தெற்கே பறந்துகொண்டிருந்த கூட்டங்களை வாரிக்கொண்டு போய் அத்திலாந்திக் கரைவரை சிதறியது. 2015 நவம்பரிலும் நியூ ஜேர்சியின் மே முனையில் இவை நூற்றுக்கணக்கிற் காணப்பட்டன. 2005இல் வீசிய 'வில்மா' சூறாவளி இதனினும் ஒருபடி மேலே சென்று, சிரிப்பொலிக் கடற்காகங்களுடன் இவற்றிற் சிலவற்றையும் கடல் கடத்திப் பிரித்தானியாவிற் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

எனவே பெருங்காற்று வீசி ஓய்ந்த மறுநாள், பறவை நோக்குவோர் வயல்வெளிகளுக்கு விரைகின்றனர். தேடும் முறை பொறுமையைச் சோதிப்பது. மோட்டார் வண்டியைத் தெருவோரத்தில் நிறுத்தி, பெரும்பாலும் அதனுள்ளிருந்தே நோக்குவர். வண்டியைக் கண்டு அஞ்சாத பறவை, அதிலிருந்து இறங்கும் மனிதனைக் கண்டதும் எழுந்துவிடும். சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு இடம் தெரிவர். கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தொலைநோக்கியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு பறவையாகப் பார்ப்பர். உழவுச் சாலின் பள்ளத்தில் நிற்கும் பறவையின் கால் தெரியாது. சிலவற்றின் தலைமட்டுமே தெரியும். வெயில் ஏறினால் மண்ணிலிருந்து கானல் எழுந்து உருவங்களைக் கலைக்கும். ஐந்நூறு பறவைகளைப் பார்த்து முடிக்கும் வேளையில் வல்லூறு ஒன்று மேலே வட்டமிட, கூட்டம் முழுவதும் எழுந்து சுழன்று வேறிடத்தில் இறங்கும். அப்போது எண்ணியதெல்லாம் வீண். முதலிலிருந்து தொடங்க வேண்டியதே.

தேடுவோர் கண் முதலில் நாடுவது பருமனையும் முதுகின் நிறத்தையுமாகும். வளைய அலகுக் கடற்காகம் ஏறத்தாழ 18 அங்குல நீளம். முதுகு வெளிறிய சாம்பல் நிறம். பிராங்கிளின் கடற்காகமோ 14 அங்குலமே, முதுகு கருஞ்சாம்பல். கூட்டத்தின் நடுவே சிறியதாயும் கரியதாயும் ஒன்று தென்பட்டால் நெஞ்சு படபடக்கும். கோடையில் தலை முழுவதும் கரியதாயிருக்கும். குளிர்காலத்திலோ பிடரியும் கண்ணின் பின்புறமும் மட்டும் கருமை படர்ந்து, தலைக்குப் பாதி முக்காடு இட்டது போலிருக்கும். கண்ணின் மேலும் கீழும் தடித்த வெண்பிறைகள் உண்டு. ஐயத்தை அறவே நீக்குவது சிறகின் நுனியே. அங்கே கருமைக்கும் சாம்பல் நிறத்துக்கும் நடுவில் ஒரு வெண்பட்டை ஓடுகின்றது. ஆனால் அதனைக் காணப் பறவை சிறகை விரிக்க வேண்டும். அது விரிக்கும்வரை காத்திருத்தலே வேலை. இளம் பறவையில் அப்பட்டையும் இராது. சிரிப்பொலிக் கடற்காகத்துக்கும் கருமுதுகு உண்டாதலின், அதன் நீண்டு சற்றுக் கீழ்நோக்கிய அலகையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு கூற வேண்டும்.

இத்தேடலில் பறவைக்கு நிகராக முக்கியமானவர் நிலத்துக்குரிய உழவர். வயல் அவருடைய சொத்து. இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமை முளைவிடும் வேளையில், பறவையை அண்மித்துப் பார்க்கும் ஆசையால் ஒருவர் உள்ளே இறங்கினால் முளை மிதிபடும், பறவையும் பறந்துவிடும், தெருவை அடைத்து நிறுத்திய வண்டிகளால் உழவு இயந்திரமும் தடைப்படும். அத்துடன் அவ்வயலோரம் பறவை நோக்குவோர் அனைவர்க்கும் மூடப்பட்டுவிடலாம். ஒருவருடைய அவசரத்துக்கு நூறு பேர் விலை கொடுக்க நேர்கின்றது. ஆகவே அனுமதியின்றி உள்ளே செல்லாமையும், அரிய பறவையின் இருப்பிடத்தை அறிவிக்குமுன் நிலத்துக்குரியவரைக் கேட்டலும் அங்கே நல்லொழுக்கமாகக் கொள்ளப்படுகின்றன. செய்தி இணையத்தில் சில நிமிடங்களிற் பரவும் இக்காலத்தில் அவ்வொழுக்கம் முன்னையினும் வேண்டப்படுகின்றது.

உழவருக்கும் கடற்காகத்துக்கும் பகை இல்லை என்பது நல்வாய்ப்பே. 1848இல் யூட்டாவிற் குடியேறிய மோர்மன் மக்களின் முதற்பயிரைப் பூச்சிப்படை அழிக்கத் தொடங்கியபோது, கலிபோர்ணியக் கடற்காகங்கள் கூட்டங்கூட்டமாய் வந்து அவற்றைத் தின்றன என்பர். அதன் நினைவாக 1913இல் சோல்ட் லேக் நகரில் ஒரு தூணே எழுப்பப்பட்டது. அக்கதை வளர்த்துக் கூறப்பட்டதென்று பிற்காலச் சரித்திர ஆசிரியர் சிலர் காட்டியுள்ளனர். எனினும் பறவைகள் வந்ததையும் பூச்சியைத் தின்றதையும் அவர்களும் மறுக்கவில்லை.

பறவையைக் கண்டுவிட்டால் வேலை முடிந்தது என்பதுமில்லை. கண்ட நாள், நேரம், தூரம், ஒளி நின்ற திசை, சிறகின் அமைப்பு ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்வர். இயன்றால் நிழற்படமும் எடுப்பர். அரிதான இனங்களைப் பற்றிய அறிக்கையை அவ்வப் பிரதேசத்துப் பதிவுக் குழு ஆராய்ந்து, ஐயமிருந்தால் ஏற்காது விடும். இருபது ஆண்டு அனுபவமுள்ளவருடைய அறிக்கையும் சிறகுநுனி தெளிவாகத் தெரியவில்லை என்ற ஒரே காரணத்தாற் தள்ளப்படலாம். அதனை அவமதிப்பாகக் கொள்வோர் நெடுநாள் இத்துறையில் நிலைப்பதில்லை.

பொழுது சாயும்போது வயலிலுள்ள கடற்காகங்கள் சிறு சிறு வரிசைகளாய் எழுந்து ஏரியை நோக்கிப் பறக்கத் தொடங்கும். இரவில் அவை நீரின் மேலேயே தங்கும். பகலில் வயலில் தப்பியதை அங்கே பிடிக்கலாம் என்று, தேடுவோரும் தொலைநோக்கியின் முக்காலியை மடக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு வண்டியைத் திருப்புவர். இருட்டுமுன் கிடைப்பது ஏறக்குறைய அரைமணி நேரமே.