தலைவர்களை உருவாக்கிய பின்னறை

தலைமை பற்றி எழுதப்பட்ட நூல்களில், ஜேம்ஸ் மெக்கிரிகர் பர்ன்ஸ் 1978ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு தனி இடம் பெற்றது. வாக்குக்குப் பதவி, உழைப்புக்கு ஊதியம் என்று தலைவருக்கும் தொண்டருக்கும் இடையே கொடுக்கல் வாங்கலாக நடைபெறும் தலைமையை ஒரு வகையாகவும், இரு தரப்பாரையும் உயர்த்தித் தொண்டர்களையே தலைவர்களாக ஆக்கவல்ல தலைமையை மற்றொரு வகையாகவும் அவர் பிரித்துக் காட்டினார். முதல் வகைக்கு எந்த ஊரிலும் எடுத்துக்காட்டு கிடைக்கும். இரண்டாம் வகை நடைமுறையில் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய விரும்புவோர், அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில் 1957ஆம் ஆண்டு ஒரு மளிகைக் கடையின் பின்னறையில் தொடங்கிய குடியுரிமைப் பள்ளிகளின் வரலாற்றைப் படிப்பது நல்லது.

அமெரிக்காவில் 1865ஆம் ஆண்டு அடிமைமுறை ஒழிக்கப்பட்டு, 1870ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தத்தின் வழியாகக் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை வழங்கப்பட்ட போதிலும், தென் மாநிலங்கள் அந்த உரிமையை ஏட்டளவிலேயே நிறுத்திவைக்கப் பல வழிகளைக் கண்டுபிடித்தன. அவற்றுள் ஒன்று எழுத்தறிவுத் தேர்வு. தெற்குக் கரோலினாவில் 300 டாலர் மதிப்புள்ள சொத்து இல்லாத ஒருவர் வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டுமானால், மாநில அரசமைப்பின் ஒரு பகுதியைப் படித்தும் எழுதியும் காட்ட வேண்டியிருந்தது. படித்தது போதுமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் வெள்ளையரான பதிவு அலுவலரிடம் இருந்தது. கறுப்பினக் குழந்தைகளுக்கு முறையான பள்ளிகளைத் தராமல் விட்டுவிட்டு, அவர்கள் வளர்ந்தபின் எழுத்தறிவு கேட்பது எத்தகைய அநீதி என்பதை விளக்க வேண்டியதில்லை.

சார்ல்ஸ்டன் நகரத்தை ஒட்டிய ஜான்ஸ் தீவில் வாழ்ந்த ஈசா ஜென்கின்ஸ், தீவு மக்களை நகரத்து வேலைகளுக்கு ஏற்றிச் செல்லும் பேருந்தை ஓட்டிவந்தவர். பயணத்தின்போதே அரசமைப்பின் பகுதிகளைப் பயணிகளுக்கு அவர் கற்றுக்கொடுத்தார். ஓடும் பேருந்தில் வாய்மொழியாக மனப்பாடம் செய்வது வேறு, உண்மையில் படிக்கத் தெரிவது வேறு என்பதை உணர்ந்த அவர், 1954ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்தின் ஹைலேண்டர் பள்ளியில் நடந்த பயிலரங்கில் முதியோருக்கான வகுப்பின் தேவையை எடுத்துரைத்தார். தொழிலாளர்களும் உழவர்களும் கூடித் தங்கள் சிக்கல்களைத் தாங்களே பேசித் தீர்வு காண்பதற்காக 1932ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது அந்தப் பள்ளி. ஜென்கின்ஸை அங்கே அழைத்துச் சென்ற செப்டிமா கிளார்க், 1916ஆம் ஆண்டு அதே தீவில் ஆசிரியப் பணியைத் தொடங்கியவர். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தேசியச் சங்கத்தில் அரசு ஊழியர் எவரும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று மாநிலம் 1956ஆம் ஆண்டு சட்டம் இயற்றியபோது, உறுப்பினர் அட்டையை மறைக்க மறுத்ததால், நாற்பது ஆண்டுப் பணியையும் ஓய்வூதியத்தையும் இழந்தார். ஹைலேண்டர் பள்ளி அவரைப் பயிலரங்குகளின் பொறுப்பாளராக அமர்த்திக்கொண்டது.

தீவில் பள்ளி தொடங்குவதென்று முடிவானதும், வகுப்பை யார் நடத்துவது என்ற கேள்வி எழுந்தது. இந்த வரலாற்றின் உயிர்நாடி இக்கேள்விக்குக் கிடைத்த விடையில்தான் இருக்கிறது. நாற்பது ஆண்டு அனுபவம் பெற்ற கிளார்க் தாமே நடத்தியிருக்கலாம், அல்லது பட்டம் பெற்ற ஆசிரியர் ஒருவரைத் தேடியிருக்கலாம். அவரும் ஹைலேண்டர் நிறுவனர் மைல்ஸ் ஹார்ட்டனும் தேர்ந்தெடுத்தவரோ, அழகு நிலையம் நடத்தியும் தைத்தும் பிழைத்துவந்த பெர்னிஸ் ராபின்சன். தாம் ஒருநாளும் ஆசிரியராக இருந்ததில்லை என்று அவர் தயங்கியபோது, அதுவே அவருடைய தகுதி என்று கூறப்பட்டது. முறைசார்ந்த ஆசிரியர், வளர்ந்த மனிதர்களையும் குழந்தைகளாகவே நடத்தக்கூடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அழகு நிலையத்தின் வாடிக்கையாளர் அனைவரும் கறுப்பினப் பெண்கள் என்பதால், வெள்ளை முதலாளி எவரும் ராபின்சனை வேலையிலிருந்து நீக்கவும் இயலாது. தலைவராகத் தக்கவரை அடையாளம் காணும் கண், பட்டத்தையும் பேச்சுத் திறனையும் தாண்டி, ஒருவர் மக்களோடு கொண்டிருக்கும் உறவையும் அச்சமின்றி நிற்கக்கூடிய சூழலையும் ஒருசேர எடைபோட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

ஹைலேண்டர் அளித்த கடனைக் கொண்டு வாங்கப்பட்ட கட்டடத்தில், முன்புறம் கூட்டுறவு மளிகைக் கடையும், வெளியார் கண்ணில் படாதபடி பின்புறம் வகுப்பறையும் அமைந்தன. 1957 ஜனவரியில் பதினான்கு பேர் முதல் வகுப்பில் சேர்ந்தனர். ராபின்சன் தொடக்கப்பள்ளிப் பாடப் பொருள்களை எடுத்துச் சென்றிருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் அவை பொருந்தா எனக் கண்டு ஒதுக்கிவைத்துவிட்டு, அவர்கள் என்ன கற்க விரும்புகின்றனர் என்று கேட்டார். தங்கள் பெயரை எழுத வேண்டும், வெளியூரிலிருக்கும் பிள்ளைகளின் கடிதத்தைப் பிறர் உதவியின்றிப் படிக்க வேண்டும், மணியார்டர் படிவத்தை நிரப்ப வேண்டும், விவிலியம் வாசிக்க வேண்டும் என்ற விருப்பங்களே பாடத்திட்டமாயின. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம் சுவரில் ஒட்டப்பட்டு, வகுப்பு முடிவதற்குள் அனைவரும் அதைப் படித்துவிட வேண்டும் என்பது இலக்காக வைக்கப்பட்டது. கரும்பலகையில் எழுதப்பட்ட பெயர்களுள் தம் பெயரைக் கண்டுகொண்ட அறுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர், எழுந்து சென்று ராபின்சன் கையிலிருந்த அளவுகோலை வாங்கி, எழுத்தெழுத்தாகச் சுட்டிப் படித்தார். அந்த அளவுகோல் கைமாறிய செய்தியே, குடியுரிமைப் பள்ளி என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறது.

பள்ளிகள் அண்டைத் தீவுகளுக்கும் பரவின. டென்னசி அரசு ஹைலேண்டரை மூட முனைந்ததால், 1961ஆம் ஆண்டு இத்திட்டம் மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாடு என்ற அமைப்பின் பொறுப்புக்கு மாறியது. ஜார்ஜியா மாநிலத்தின் டார்செஸ்டர் மையத்துக்கு ஒவ்வொரு மாதமும் வந்து, கிளார்க், டோரதி காட்டன், ஆண்ட்ரூ யங் ஆகியோரிடம் சில நாள் பயிற்சி பெற்றவர்கள், ஊர் திரும்பியதும் தங்கள் பகுதியில் வகுப்பைத் தொடங்கினர். உரக்கப் படிக்கவும் கரும்பலகையில் தெளிவாக எழுதவும் தெரிந்திருப்பதும், ஊராரின் மதிப்பைப் பெற்றிருப்பதுமே அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டன. உழவர்களும் வீட்டு வேலை செய்த பெண்களும் இவ்வாறு ஆயிரக்கணக்கில் ஆசிரியர்களாயினர்.

அந்த அமைப்புக்குள்ளேயே கிளார்க்கின் எண்ணம் முழுமையாக ஏற்கப்படவில்லை என்பதையும் கூறியாக வேண்டும். எல்லா ஊர்களிலும் கிங்கே பேரணிக்குத் தலைமை தாங்காமல், அந்தந்த ஊரில் தலைவர்களை உருவாக்கி அவர்களே வழிநடத்தும்படி செய்ய வேண்டும் என்று அவர் கிங்குக்கு எழுதிய கடிதம், பணியாளர் கூட்டத்தில் படிக்கப்பட்டபோது சிரிப்புக்குள்ளானது என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பெண்ணின் ஆலோசனை என்பதும் அந்தச் சிரிப்புக்கு ஒரு காரணமாக இருந்தது. கிங்கின் பெருமைக்குச் சிறிதும் குறைவில்லை; ஆயினும் ஓர் இயக்கம் ஒரே குரலை நம்பியிருப்பதன் ஆபத்தை முன்கூட்டியே கண்டவர் கிளார்க்தான்.

அவர் கருதியது எத்தகைய தலைமை என்பதை மிசிசிப்பியின் ஃபேனி லூ ஹேமர் மெய்ப்பித்தார். விளைச்சலில் பங்கு தந்து பிறர் நிலத்தில் உழைத்த வாரக் குத்தகைக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், 1962 ஆகஸ்ட் 31 அன்று வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றதற்காகப் பண்ணையிலிருந்து விரட்டப்பட்டார்; குடியுரிமைப் பள்ளிக்கான பயிற்சி முடிந்து 1963 ஜூனில் திரும்பும் வழியில் வினோனா நகரச் சிறையில் கொடுமையாக அடிக்கப்பட்டார்; 1964 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டுக் குழுவின் முன் அந்தக் கொடுமையை நாடே கேட்கும்படி எடுத்துரைத்தார். 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்திவைத்தபோது, பதிவு அலுவலகங்களுக்கு மக்களை அழைத்துச் செல்ல இத்தகையோர் ஊர்தோறும் ஆயத்தமாக இருந்தனர். சட்டம் வாஷிங்டனில் இயற்றப்பட்டாலும், அதை வாக்காக மாற்றியவர்கள் இவர்களே.

கிளார்க் 1970களில், சார்ல்ஸ்டன் மாவட்டப் பள்ளி வாரியத்துக்கு வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1987ஆம் ஆண்டு மறைந்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றிய பொதுக் கட்டுரைகள் பெரும்பாலும் கிங்கின் பெயரோடு நின்றுவிடுகின்றன. கிளார்க், ராபின்சன், ஜென்கின்ஸ் ஆகியோரின் பெயர்களும் அதே பக்கத்தில் இடம்பெற வேண்டும்.