மஞ்சள் மாத்திரை இரண்டு, பதிவெண்ணும் இரண்டு

மலேசியாவின் சுங்கை சிப்புட், புந்தோங் வாசகர்களின் கடிதங்களில் கேள்வி ஒன்றே: “மால் எண் இருக்கிறது, ஹோலோகிராம் இருக்கிறது. கர்ப்பிணி சாப்பிடலாம்தானே?”

மருந்து உறையில் இருக்கும் ‘மால்’ என்ற பதிவெண் அந்தப் பொருளுக்குத்தான்; அது யார் வாய்க்குள் போகிறது என்பதற்கு இல்லை. அதிகாரிகள் சொல்லும் ‘பாதுகாப்பானது’ என்ற சொல்லுக்குள், உரிய ஆள் உரிய அளவில் சாப்பிட்டால் என்ற நிபந்தனை ஒளிந்திருக்கிறது.

அந்த நிபந்தனை எங்கே உடைகிறது? கர்ப்பிணிக்குத் தினமும் தரும் ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு நாள் மட்டும் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை ஒன்று 2.5 மில்லிகிராம். பல தயாரிப்புகளில் இரண்டுமே சின்ன மஞ்சள் வில்லைகள். வாத நோயாளிக்குப் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலமும் சேர்த்தே கொடுப்பார்கள். ஆக, தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்த கூட்டுக் குடும்பத்தில் மாமியாரின் பைக்குள்ளேயே இரண்டும் கிடக்கும். மருமகளின் மாத்திரை தீர்ந்துபோனால், “என்கிட்ட இருக்கிறது, எடுத்துக்கோம்மா” என்ற அன்பே போதும்.

ஃபோலிக் அமிலத்தை ஒரு நொதி மாற்றிக் கொடுத்தால்தான் செல்கள் டிஎன்ஏவைக் கட்ட முடியும். மெத்தோட்ரெக்சேட் அந்த நொதியையே முடக்குகிறது. அதாவது, சத்து என்று நம்பி விழுங்குவது அதே சத்தின் வழியை அடைக்கிறது. வேகமாகப் பெருகும் செல்கள்தான் முதலில் அடிபடும். கருக்குழாயில் தங்கிய கருவின் வளர்ச்சியை நிறுத்த மருத்துவமனைகள் போடுவதும் இதே மருந்துதான். குழந்தையின் நரம்புக்குழாய் கருத்தரித்துச் சுமார் 28 நாளில் மூடிவிடும். பல பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாவதே அந்தச் சமயத்தில்தான்.

கண்காணிப்பு இல்லையா என்றால், இருக்கிறது. மருந்து எதிர்விளைவு ஆலோசனைக் குழு 1987-இல் அமைந்தது; 1990-இல் மலேசியா உலக சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் சேர்ந்தது. மருந்து மாறிய தவறுகளுக்கு 2009-இல் தனி அறிக்கை முறையும் வந்தது. இவை எல்லாமே யாராவது எழுதிக் கொடுத்தால்தான் அறியும். வீட்டில் கைமாறிய மாத்திரையால் சில வாரத்தில் கலைந்த கருவை, ‘தங்கவில்லை’ என்று குடும்பமே முடித்துவிடும். புகார் வரவில்லை என்பதை ஆபத்து இல்லை என்று படிக்காதீர்கள்.

மற்ற கேள்விகள்:

கர்ப்பிணி மெத்தோட்ரெக்சேட்டைத் தவறி விழுங்கிவிட்டால்? உறையோடு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கூடுதல் ஃபோலிக் அமிலம் சரிசெய்யுமா? செய்யாது, அடைபட்ட படியைத் தாண்டுவது ஃபோலினிக் அமிலம், அதை டாக்டர்தான் தர வேண்டும்.

கர்ப்பமானதும் வலிப்பு மாத்திரையை நிறுத்தலாமா? நீங்களாக நிறுத்தாதீர்கள், இன்றே டாக்டரைக் கேளுங்கள்.

ஊரிலிருந்து வந்த லேகியம்? பதிவெண் இல்லையென்றால் வேண்டாம். 2011–12-இல் நியூயார்க்கில் ஆயுர்வேத மருந்து சாப்பிட்ட ஆறு கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது.

பக்கவிளைவை யார் தெரிவிக்கலாம்? நோயாளியே தெரிவிக்கலாம், தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் பொதுமக்களுக்கென்றே படிவம் இருக்கிறது.