ஆன்லைனில் வாங்கிய பொருள் பழுதா? பணத்தைக் கைகழுவ வேண்டாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்துத் தேடுவது பிரிண்டர், வெப் கேமரா, ஹார்ட் டிஸ்க் போன்ற துணைச் சாதனங்களை. இவற்றை இப்போது பலரும் இணைய தளங்களிலேயே ஆர்டர் செய்கிறோம். வந்த பொருள் பழுதாக இருந்தால் என்ன செய்வது என்று வாசகர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். “விற்றவர் டில்லியில், நான் தேனியில். இரண்டாயிரம் ரூபாய்க்காக எங்கே போய் வழக்கு போடுவது?” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அதனைப் பயன்படுத்த நம் கம்ப்யூட்டரில் சில பைல்கள் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

மவுஸ் கிளிக்கும் ஒப்பந்தமே

கையெழுத்து இல்லாத ஆர்டர் செல்லுமா என்ற சந்தேகமே வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, எலக்ட்ரானிக் ஆவணங்களுக்கு அங்கீகாரம் தந்தது. 2008ல் வந்த திருத்தம் 10ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எலக்ட்ரானிக் முறையில் உருவானது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது இப்பிரிவு.

நம் ஊரிலேயே புகார் தரலாம்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ஜூலை 2020ல் நடைமுறைக்கு வந்தது. இது 1986ம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்த சட்டம். ஆன்லைனில் வாங்குபவரும் நுகர்வோரே என்று இதில் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது. இன்னொரு பெரிய வசதி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். தேனிக்காரர் தேனியிலேயே தரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை.

அதே ஆண்டு வந்த இ-காமர்ஸ் விதிகளில் மூன்று விஷயங்களை நினைவில் வைத்திடுங்கள்.

1. ஒவ்வொரு விற்பனைத் தளமும் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விபரங்களையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும்.

2. பொருள் பழுதாகவோ, போலியாகவோ, தளத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது.

3. உங்கள் சம்மதத்தைக் குறிக்கும் கட்டத்தில் தளமே முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருக்கக் கூடாது.

எனக்கு உதவிய பிடிஎப்

சென்ற ஆண்டு நான் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். பெட்டியில் இருந்த சீரியல் எண் ஒன்று, டிஸ்க்கின் மேல் இருந்தது வேறொன்று. “இந்த வகைப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது” என்று கஸ்டமர் கேரில் கூறிவிட்டனர். ஆர்டர் செய்த அன்றே அந்தப் பக்கத்தைப் பிடிஎப் பைலாக எடுத்து வைத்திருந்தேன். பெட்டியைப் பிரித்தபோது எடுத்த வீடியோவும் இருந்தது. இரண்டையும் இணைத்துக் குறைதீர் அதிகாரிக்கு இமெயில் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் முழுப் பணமும் வங்கிக் கணக்கிற்குத் திரும்பியது.

எதையெல்லாம் சேவ் செய்திட வேண்டும்?

டாகுமெண்ட்ஸ் போல்டரில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு துணை போல்டர் உருவாக்குங்கள். பொருளின் விளக்கம் உள்ள பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல் + பி அழுத்தி, பிரிண்டருக்குப் பதிலாக ‘சேவ் அஸ் பிடிஎப்’ தேர்ந்தெடுங்கள். விற்பவரின் பெயரும், ரிட்டர்ன் விதிகளும் அதில் இருக்கின்றனவா எனப் பார்த்திடுங்கள். தளத்தில் உள்ள விளக்கம் நாளை மாறிவிடலாம். உங்கள் பைல் மாறாது. சாட் உரையாடலை விண்டோஸ் + ஷிப்ட் + எஸ் கொண்டு படமாக எடுக்கலாம். பில், ஆர்டர் இமெயில், பணம் செலுத்திய தகவல் ஆகியவையும் அதே போல்டருக்குப் போகட்டும்.

புகார் செய்திடும் வழி

முதலில் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். போனில் பேசுவதைவிட இமெயில் நல்லது. தேதியுடன் சாட்சியாக நிற்கும். பலன் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட ஆணையம். 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே புகாரைப் பதிவு செய்திடலாம். சேமித்த பைல்களை அங்கே அப்லோட் செய்தால் போதும்.

சில எச்சரிக்கைகள்

பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தை அணுக வேண்டும். மறுவிற்பனைக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் வீட்டில் டிடிபி செய்து சொந்தப் பிழைப்பு நடத்துபவர் அதற்காக வாங்கிய பிரிண்டருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. போலித் தளத்தில் பணம் பறிபோனால் அது வேறு விவகாரம். உடனே உங்கள் வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தகவல் தாருங்கள்.

அடுத்த ஆர்டர் கொடுக்கும் முன், அந்தப் போல்டரை இன்றே உருவாக்கிவிடுங்கள்.