மண்ணுக்குள்ள கம்பெனி காசு!



நம்ம ஆரணியில் கோட்டை இருப்பது எல்லாருக்கும் தெரியும். இங்கே வெள்ளைக்காரன் காலத்துல ரெண்டு பெரிய சண்டை நடந்தது தெரியுமா? 1751 டிசம்பர் 3-ல் ராபர்ட் கிளைவ், ராசா சாகிப்பின் படையையும் கூட வந்த பிரெஞ்சுப் படையையும் தோற்கடித்தார். 1782 ஜூன் 2-ல் ஐதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள்.

சண்டை நடந்த ஊர் மண்ணில் ஈயக்குண்டு, பித்தளைப் பொத்தான், செப்புக்காசு எல்லாம் புதைந்து கிடக்கலாம். பழைய வீட்டை இடிச்சுக் கட்டும்போதோ, தறிக்குழி தோண்டும்போதோ அது வெளியே வரலாம். அப்போ என்ன செய்யணும் என்று பார்ப்போமா?

மெட்டல் டிடெக்டர் எப்படி வேலை செய்யுது?

திருவிழாவுல போலீஸ்காரங்க கையில் பார்த்திருப்பீங்க. அதற்குள் கம்பிச்சுருள் இருக்கும். அதில் மாறி மாறி மின்சாரம் ஓடும்போது சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகும். பக்கத்தில் உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அது தானும் ஒரு சின்ன காந்தப்புலத்தை உண்டாக்கும். அதைக் கருவி பிடித்து ‘பீப்’ என்று கத்தும். சின்னக் காசு என்றால் ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் வரைதான் தெரியும். ஆனால் அது துருப்பிடித்த ஆணியா, பழைய காசா என்று பல நேரம் தோண்டினால்தான் தெரியும்.

உண்மைக் காசு எது?

சென்னை மாகாணத்துக்காகக் கம்பெனி 1803-லும் 1808-லும் 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை இங்கிலாந்தில் அடித்தது. ஒரு பக்கம் கம்பெனிச் சின்னமும் வருஷமும், மறுபக்கம் பாரசீக எழுத்தும் இருக்கும். 1808 காசுகளை ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809-ல் இங்கிலாந்துக் கரையிலேயே மூழ்கியது. 1980-களில் அதிலிருந்து ஏராளமான காசுகளை மேலே எடுத்தார்கள்.

ஆனால் ராமர், அனுமார் படம் போட்டு “கிழக்கிந்தியக் கம்பெனி 1818” என்று ஒரு காசு காட்டுவாங்க. “இது அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கு, கோடி ரூபாய் போகும்” என்பாங்க. நம்பாதீங்க! கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. நகையை அடகு வைத்து இதில் ஏமாந்தவர்கள் உண்டு. வீட்டில் பெரியவங்களிடம் கட்டாயம் சொல்லுங்க.

கிடந்த இடம் ஏன் முக்கியம்?

ஒரு செப்புக்காசைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் எடைக்குச் சில ரூபாய்தான். ஆனால் 1808 காசு ஒரு பழைய தரைக்கு அடியில் கிடந்தால், அந்தத் தரை 1808-க்கு முன்னாடி போட்டது இல்லை என்று தெரிந்துவிடும். இடம் தெரியாமல் எடுத்துவிட்டால் அந்தச் சேதி போச்சு.

அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில் 1876-ல் சண்டை நடந்தது. 1984-ல் ஆய்வாளர்கள் மெட்டல் டிடெக்டரோடு நடந்து, சத்தம் வந்த இடத்தில் எல்லாம் சின்னக் கொடி நட்டு, குண்டுகள் கிடந்த இடத்தைப் படமாக வரைந்தார்கள். யார் எங்கே நின்று சுட்டார்கள் என்பதே அதில் தெரிந்தது! நம்ம ஊர் ஈயக்குண்டுக்கும் அப்படிச் சொல்ல ஒரு கதை இருக்கும் இல்லையா?

சட்டம் என்ன சொல்லுது?

1878 புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கணும். என்ன பொருள், எங்கே கிடைத்தது, எந்தத் தேதி என்று எழுதணும். பாருங்க, சட்டமும் இடத்தைத்தான் கேட்குது! மறைத்தால் ஓராண்டு வரை சிறை. தெரிவித்து, யாரும் உரிமை கொண்டாடி வரவில்லை என்றால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துப் பணம் தரும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களில் அனுமதி இல்லாமல் தோண்டுவதும் குற்றம்.

நாம் செய்ய வேண்டியவை

1. கிடைத்ததும் மேலே தோண்டுவதை நிறுத்துங்க.
2. புளி போட்டுத் தேய்க்காதீங்க. எழுத்து அழிந்துவிடும்.
3. எந்த இடம், எத்தனை அடி ஆழம், என்ன தேதி என்று நோட்டில் எழுதுங்க.
4. பெரியவங்களோடு போய் வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்க.

ஈயக்குண்டுக்கு வாய் கிடையாது. அது கிடந்த இடம்தான் அதற்கு வாய். அதை நாம் மூடிவிடக் கூடாது.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி